மலைப்பாதையில் உங்களுக்கு நேர்ந்து, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்றை எழுதுங்கள். எனக்கு அது ஏலகிரி இறக்கத்துக் கல்

காட்பாடிக்காரன்:
ஏலகிரி எல்லோருக்கும் தெரிந்த இடம், நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வைகாசியில் அத்தனாவூரில் சாப்பிட்டுவிட்டு மாலை நாலரை மணிக்கு இறங்கினோம். வண்டியில் அம்மா, மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், டிக்கியில் இரண்டு பலாப்பழம். முன்னால் ஒரு வேன் ஊர்ந்துகொண்டிருந்ததால் மூன்றாவது கியரில், பிரேக்கில் வைத்த காலை எடுக்காமலே வந்துகொண்டிருந்தேன். 14 வளைவுக்கும் புலவர் பேர், வள்ளல் பேர் வைத்திருக்கிறார்களே, பெரியவள் ஒவ்வொரு பலகையாக வாசித்துக்கொண்டு வந்தாள். "பாரி" என்று அவள் சொன்னதும் ஏதோ கருகும் வாசனை. அடுத்த மிதிக்குப் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கச் சுவரில் உரசி நிறுத்தினேன், அப்படியும் வண்டி மெல்ல நகர்ந்தது. ஓரத்தில் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த பெரியவர் ஓடி வந்து டயருக்கு முன்னால் ஒரு கல்லைத் தள்ளினார். எண்ணெய் தடவிய கை, மணிக்கட்டில் பலாப்பால் நூல் நூலாக ஒட்டியிருந்தது. "இன்னா சார், ரெண்டாவது கியர்ல வரலியா?" அவ்வளவுதான் கேட்டார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. "போறப்போ கல்லை ஓரமா தூக்கிப் போட்டுட்டுப் போங்க" என்றார்.

முக்கால் மணி நேரம் ஆறவிட்டுக் கிளம்பினோம். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்துக் கல்லைச் சுற்றிக்கொண்டு வந்தேன். பொன்னேரி கூட்டுரோட்டில் டீ குடிக்கும்போதுதான் உறைத்தது, கல் அங்கேயே நடுரோட்டில் கிடக்கிறது. திரும்பப் போகவில்லை. அம்மா பயந்துபோயிருந்தார், இருட்டிக்கொண்டு வந்தது, இதெல்லாம் காரணம்தான். ஆனால் அந்தக் கல் இன்னும் உறுத்துகிறது.

பேரணாம்பட்டு வாசி:
எனக்குப் பத்தலபல்லி மலைப்பாதை. வி.கோட்டாவில் ஒரு கல்யாணம் முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் திரும்பினோம், முன்னால் தக்காளி லாரி. திடீரென்று லாரி நின்று விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. ரிப்பேர் என்று நினைத்து நான் ஹை பீம் போட்டு ஹாரன் அடித்தேன். கிளீனர் பையன் குனிந்தபடியே ஓடி வந்து என் பானட்டை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி, "லைட்டு ஆபு, லைட்டு ஆபு" என்றான். அதற்குள் பார்த்துவிட்டேன். லாரிக்கு முன்னால் யானை, பக்கத்தில் குட்டி. என் வெளிச்சம் அதன் கண்ணில் பட்டு, காது இரண்டும் விரிந்து அப்படியே நின்றது. அணைத்துவிட்டேன். அப்புறம் இருட்டில் மூங்கில் முறிகிற சத்தம் மட்டும், எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. என் ஹாரனுக்கு அது திரும்பியிருந்தால் முதலில் மாட்டியிருப்பது அந்தப் பையன்தான். கவுண்டின்யா சரணாலயம் ஒட்டியே இருக்கிறது, யானை வரும் என்று பேரணாம்பட்டில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரிந்தும் அடித்தேன்.

குடியாத்தம் 72:
கல்லை ரோட்டிலேயே விட்டுவந்தவரிடம் ஒன்று சொல்ல வேண்டும். என் மச்சான் ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகிற வழியில் இப்படி யாரோ டயருக்கு வைத்துவிட்டுப் போன கல்லில் பைக் ஏறி விழுந்தான். தோள்பட்டை முறிந்தது, இன்றைக்கும் இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. உங்களைத் திட்டவில்லை. பயந்துபோன மனுஷனுக்கு மறதி வரும். ஆனால் பொன்னேரியில் ஞாபகம் வந்ததே, அப்போது திரும்பியிருக்கலாம்.

வாணியம்பாடி வண்டி:
எதற்கு இவ்வளவு பதற்றம்? நான் பல வருஷமாக ஏலகிரியில் நியூட்ரலில்தான் இறங்குகிறேன். டீசல் மிச்சம், ஒன்றும் ஆனதில்லை.

ரிடையர்டு டிரைவர், போளூர்:
மேலே எழுதிய தம்பி, தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். என் கதை சின்னது. ஜவ்வாது மலையில் ஒரு மார்கழி விடியல், பஸ் நிறைய ஆள், அத்திப்பட்டு தாண்டிப் பனி. கண்ணாடிக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டின மாதிரி ஒன்றும் தெரியவில்லை. கண்டக்டர் இறங்கி டார்ச்சோடு முன்னால் நடந்தார், அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இரண்டு வளைவு ஓட்டினேன். அந்த முதுகும் பழுப்பு மஃப்ளரும் இன்னும் கனவில் வரும்.

இப்போது நியூட்ரலுக்கு வருகிறேன். இன்றைய இஞ்செக்‌ஷன் எஞ்சின்களில் கியரில் இருந்துகொண்டு ஆக்சிலேட்டரை விட்டால் இறக்கத்தில் எரிபொருள் போவதே நின்றுவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்க எண்ணெய் குடித்துக்கொண்டேதான் இருக்கும். ஆக மிச்சமும் இல்லை, பிடிமானமும் இல்லை. சில பேர் சாவியையே அணைத்துவிட்டு இறங்குவார்கள். அது அதைவிட மோசம். பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் எஞ்சின் கொடுக்கிற உதவி போய்விடும், இரண்டும் கல்லாகிவிடும். ஏறும்போது எந்தக் கியர் கேட்டதோ அதே கியரில் இறங்கு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் சொன்னார், இன்றைக்கும் அதுதான். பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்கக் கூடாது. அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுசாக விட வேண்டும், அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும். காட்பாடித் தம்பி, பெடல் பஞ்சாகப் போனது பிரேக் ஆயில் சூட்டில் கொதித்து உள்ளே ஆவி கட்டியதால். அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், பழசாகப் பழசாகக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? இன்னொன்று, வழி குறுகலாக இருந்தால் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன்தான் நின்று வழிவிட வேண்டும், சட்டமே அதுதான், கார்க்காரர்கள் பாதிப் பேர் நிற்பதில்லை.

அணைக்கட்டு பொண்ணு:
நான் சொல்லப்போவது பிரேக் பற்றி இல்லை. ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தை. ரோடு வருவதற்கு முன்னால் அங்கே நோயாளிகளை டோலி கட்டித்தான் கீழே இறக்குவார்கள், நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். ரோடு வந்த பிறகு வேலை விஷயமாக ஜீப்பில் போனேன். மலையடியில் ஒரு அம்மா சாமை மூட்டையோடு கை காட்டினார், ஏற்றிக்கொண்டோம். வளைவுக்கு வளைவு ஏதோ ஒரு பேர் சொல்லிக்கொண்டே வந்தார். ஏலகிரி மாதிரி பலகைப் பேர் இல்லை, அவர்கள் நடந்த காலத்தில் வைத்த பேர்கள். வழியில் ஒரு பாறை. கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். இறங்கவில்லை, ஜன்னல் வழியாகக் கையை மட்டும் நீட்டினார். "இங்கதான் தோள் மாத்துவோம்" என்றார். யாரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இன்றுவரை இருக்கிறது. அவர் சொன்ன பேர்களையும் எழுதி வைக்கவில்லை, ஒன்றுகூட ஞாபகமில்லை.

திருப்பத்தூர் இரவுப்பறவை:
ஆலங்காயம் தாண்டி, வான் ஆய்வகம் இருக்கிற காவலூர் ரோடு. சின்ன வயதில் அப்பாவோடு ராஜ்தூத்தில். ஒரு திருப்பத்தில் வண்டியை ஓரங்கட்டி விளக்கை அணைத்தார். "அங்க 93 அங்குலத்துல கண்ணாடி வெச்சிருக்காங்கடா, நம்ம விளக்கு அவங்களுக்கு இடைஞ்சல்" என்றார். அந்தத் தொலைநோக்கி 1986இல் வந்தது, அதற்கு இரண்டு வருஷம் கழித்து நடந்தது இது. அன்றைக்குப் பார்த்த வானம் மாதிரி அப்புறம் நான் பார்க்கவில்லை. இப்போது அந்த வழியில் அரிசி போல் விளக்கு அடுக்கின எல்ஈடி பார் கட்டின கார்கள் போகின்றன. பேரணாம்பட்டு அண்ணன் எழுதியதைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது.

காட்பாடிக்காரன்:
போளூர் ஐயாவுக்கு: பிரேக் ஆயில் நான்கு வருஷமாக மாற்றவில்லை, இப்போது மாற்றிவிட்டேன். குடியாத்தம் நண்பருக்குப் பதில் இல்லை, நீங்கள் சொன்னது சரி. ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் வந்தேன். பாரி வளைவில் கல் இல்லை. சுவரில் என் வண்டியின் பெயிண்ட் மட்டும் ஒரு முழ நீளத்துக்குச் சிவப்பாக இருக்கிறது. பெரியவரும் இல்லை. கொஞ்சம் தள்ளிச் சீதாப்பழம் வைத்திருந்த அம்மாவிடம் கேட்டேன், பலா சீசன் வந்தால்தான் அவர் இறங்கி வருவார் என்றார். கல்லைப் பற்றி அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு ரெண்டாவது கியரில் இறங்கினேன்.