திரையில் பழகுவதும் பழக்கம்தானா?

கரிசல்மண்:
போன மாதம் பெரியப்பா தவறிவிட்டார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்ட அரை மணி நேரத்தில் கைகூப்பும் பொம்மை 40 வந்துவிட்டது. கேதத்துக்கு நேரில் வந்து பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் 11 பேர். கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகணும் என்பார்கள். திரையில் எங்கே போவது? அங்கே நடப்பது சேதி சொல்வது மட்டும்தான். பழகுவது இல்லை.

இரவுப்பணி:
நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீனைப் பற்றிப் படித்ததில்லையா? தசை நலிவு நோய், சக்கர நாற்காலி. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற, பல நாட்டவர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டில் 'இபெலின்' என்ற பெயரில் வருடக்கணக்காக இருந்தவர். 2014இல் 25 வயதில் இறந்தார். பிள்ளைக்குக் கடைசிவரை நண்பர்களே அமையவில்லை என்றுதான் பெற்றோர் நொந்துபோயிருந்தார்கள். மகனின் வலைப்பதிவில் அப்பா மரணச் செய்தியைப் போட்டார், தன் மின்னஞ்சல் முகவரியோடு. விளையாட்டுக் கூட்டாளிகளிடமிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. டென்மார்க்கில் ஒரு தாய், ஆட்டிசம் உள்ள மகனோடு நெருங்க முடியாமல் தவித்தவர். விளையாட்டுக்குள் சேர்ந்து பழகிப் பாருங்கள் என்று வழி சொன்னவர் மாட்ஸ். இதுவும் சேதி சொல்வதுதானா?

கரிசல்மண்:
படித்திருக்கிறேன் தம்பி. அவர் இறுதிச் சடங்குக்கு அந்த விளையாட்டுக் கூட்டாளிகள் சிலர் வேறு நாடுகளிலிருந்து கிளம்பி வந்தார்களே, ஏன்? மின்னஞ்சல் போதாதா? நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்.

இரவுப்பணி:
பழகாதவன் சாவுக்கு யார் சார் விமானம் ஏறுவார்கள்?

வெண்டைக்காய்_65:
இன்னொன்று. தன் நோயை அவர் அந்தக் கூட்டாளிகளிடமே வெகுகாலம் மறைத்தார். அப்படியென்றால் அவர்கள் பழகியது யாரோடு?

இரவுப்பணி:
மாட்ஸோடுதான். நேரில் பார்ப்பவர்களுக்கு முதலில் தெரிவது நாற்காலி, அப்புறம்தான் ஆள். அந்த உலகில் தன் ஊனம் ஒரு பொருட்டே இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

தாழைமடல்:
நடுவில் நுழைகிறேன். வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். தினமும் ராத்திரி வீடியோ காலில் மகளிடம் வாய்ப்பாடு கேட்பார். தப்பாகச் சொன்னால் அவர் அங்கே முறைப்பார், இவள் இங்கே சிரிப்பாள். அது அப்பா-மகள் பழக்கம் இல்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். ஆனால் அவளுக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க நான் ஒருத்திதான்.

கரிசல்மண்:
உங்கள் வீட்டில் வேறு வழி இல்லை, அம்மா. நான் சொல்வது வழி இருந்தும் வராதவர்களை.

இரவுப்பணி:
சரி, அந்த 40 பேரில் உள்ளூர்க்காரர்கள் எத்தனை?

கரிசல்மண்:
பாதிக்கு மேல். இரண்டு தெரு தள்ளி இருப்பவர்களும் உண்டு.

இரவுப்பணி:
அப்போ கோளாறு வாட்ஸ்அப்பிலா, அவர்களிடமா?

கரிசல்மண்:
இதே ஆட்கள் 2008இல் தாத்தா இறந்தபோது விடியுமுன் வந்து பந்தல் போட்டவர்கள். இந்த முறை ஒருவரைக் கடைத்தெருவில் பார்த்துக் கேட்டேன். "அதான் குரூப்பிலேயே போட்டுட்டேனே" என்றார்.