கூத்து ஆடியவனுக்குக் கேமரா முன்னால் நடிகர் தேர்வு, எப்படித் தயாராவது?

கல்லடிக்காரன்:
வருகிற சனிக்கிழமை ஒரு குறும்படத்துக்கு நடிகர் தேர்வு. ஊரில் இரண்டு தடவை வடமோடிக் கூத்து (மட்டக்களப்புப் பக்கத்து நாட்டுக்கூத்து வகை) ஆடியிருக்கிறேன், கேமரா முன்னால் அவ்வளவு பழக்கமில்லை. இரண்டு நிமிட வசனம் பாடமாக்கி வரச் சொன்னார்கள். போன தடவை ஓரிடத்தில் பாதியிலேயே "சரி, போதும்" என்றுவிட்டார்கள், அது இன்னும் மனதில் கிடக்கிறது.

களுதாவளை அக்கா:
தம்பி, "போதும்" என்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, வெளியில் வரிசை நிற்கும், பார்க்க வேண்டியதை அரை நிமிடத்திலேயே பார்த்துவிடுவார்கள். உங்கள் சிக்கல் வேறு. வட்டக்களரியை, அதுதான் வட்டமான கூத்து மேடையை, சுற்றி இருக்கிற சனம் எல்லாருக்கும் கேட்கப் பாடிப் பழகிய தொண்டை அது, கேமராவோ நாலு அடியில் நிற்கும். பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கிற அளவுக்குக் குரலை இறக்குங்கள். போனைக் கண் உயரத்தில் வைத்துப் பதிந்து பாருங்கள். நான் முதல் தடவை பார்த்தபோது என் புருவம் மட்டும் தனியாகக் கூத்தாடிக்கொண்டிருந்தது!

அக்கரைப்பற்றான்:
ஒரே ராகத்தில் பாடமாக்க வேண்டாம். கோப்பை கழுவிக்கொண்டே சொல்லிப் பாருங்கள். அங்கே "இதையே கோபமில்லாமல் செய்" என்பார்கள், சொன்னதைக் கேட்டு மாற்றுகிறீர்களா என்றுதான் பார்ப்பது. லென்ஸைப் பார்க்கச் சொன்னால் தவிர, எதிர்வசனம் வாசிப்பவரைப் பாருங்கள். கல்லடியில்தானே விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், அங்கே நாடகம் படிக்கிற யாரையாவது தெரிந்தால் வாசிக்கக் கூப்பிடுங்கள்.

கல்லடிக்காரன்:
அக்கா, இப்போதுதான் பதிந்து பார்த்தேன். புருவம் எனக்கும்தான். மறுகா ஒரு தடவை எடுக்கிறேன்.