ஜப்பானின் ஐடல் பாடல் குழுக்களின் ரசிகர்களே, இன்னும் உங்களை உறுத்தும் சந்திப்பு எது?

பின்வரிசை:

காசு கொடுத்து ஐடலோடு உடனடிப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் செக்கி நேரத்தை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தோக்கியோவின் அகிஹபராவில் ஒரு நிலவறை லைவ் ஹவுஸ், அதாவது சிறு கச்சேரி அரங்கு. ஐந்து பேர் கொண்ட குழு. கடைசிப் பாட்டு முடிந்ததும் சுவரோரமாக ஐந்து வரிசைகள். என் ஓஷியின் (நான் ஆதரிக்கும் உறுப்பினரின்) வரிசை படிக்கட்டுவரை போயிருந்தது. கோடியில் நின்ற பெண்ணின் முன்னால் ஒருவரும் இல்லை. புதிதாகச் சேர்ந்தவள். ஆள் வராவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலும். கையெழுத்துப் பேனாக்களை நிறம்வாரியாக அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். சிரிப்பு மட்டும் முகத்தைவிட்டு இறங்கவில்லை.

என் சீட்டு ஐவரில் யாருக்கும் செல்லும். இப்படிப்பட்ட சிறு குழுக்களில் பலருக்குச் செக்கியில் கிடைக்கும் பங்குதான் வருமானமே என்பதும் தெரியும். ஆனால் என் ஓஷி என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டாள். அவள் கண்ணெதிரே வேறு வரிசைக்குப் போனால் என்ன பொருள் என்பது உங்களுக்கும் தெரியும். நின்ற இடத்திலேயே நின்றேன். சில வாரங்களில் அந்தப் பெண் உடல்நலக் காரணத்தால் விலகிவிட்டதாக அறிவிப்பு வந்தது. இரக்கப்பட்டு எடுக்கும் செக்கி அவளுக்கு உதவியா, அவமானமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம் நடைமேடை:

அவமானம்தான் என்று நினைக்கிறேன் சார். அதைவிட, நீங்கள் போயிருந்தால் அவள் அங்கே இன்னும் ஆறு மாதம் தாக்குப்பிடித்திருப்பாள். அது நல்லதா? பணம் கொடுத்தால் கருணை, கொடுக்காவிட்டால் கொடுமை என்று நம்மை நினைக்க வைப்பதில்தான் இந்தத் தொழிலின் சாமர்த்தியமே இருக்கிறது.

என் கதை ஒரு குப்பைக் கதை. அலுவலகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், ஏகேபி48 என்ற பெரிய பெண்கள் குழுவும் அதன் கிளை அணிகளும் சேர்ந்த குடும்பத்தில் ஒரு பெண்ணுக்காக ஒவ்வொரு ஆண்டும் தேர்தல் காலத்தில் சிடிகளைப் பெட்டி பெட்டியாக வாங்குவார். (2009 முதல் 2018 வரை, ரசிகர்கள் வாக்களித்து உறுப்பினர்களை வரிசைப்படுத்திய அந்தத் தேர்தல்தான். சிடிக்குள் ஒரு வாக்குச்சீட்டு.) வீடு மாறும்போது உதவிக்குக் கூப்பிட்டார். ஒரே பாட்டு, ஒரே அட்டை, நூற்றுக்கணக்கில். அப்படியே தூக்கிப் போட முடியாது, அந்த நகராட்சியில் பெட்டி தனி, காகிதம் தனி, தகடு தனி. ஒரு ஞாயிறு முழுக்கத் தரையில் உட்கார்ந்து உரித்தோம். சாயங்காலம் அவர் கேட்டார்: "இதில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை, தெரியுமா? பாட்டை இணையத்தில்தான் கேட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2017 ஜூனில் ஒகினாவாவில் நடந்த தேர்தலில் அதே குடும்பத்தின் என்எம்பி48 அணியைச் சேர்ந்த சுதோ ரிரிகா 20ஆம் இடம் பிடித்து, அதே மேடையில் தனக்குத் திருமணம் என்று அறிவித்தாரே, அன்று ரசிகர்களைப் பார்த்து உலகமே சிரித்தது. "உன்னை யார் வாங்கச் சொன்னது?" என்றார்கள். சொன்னது யார்? வாக்கைச் சிடிக்குள் வைத்து விற்றவர்கள்தானே? அந்தப் பெண் திருமணம் செய்துகொள்வது அவள் உரிமை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஐடலை மட்டும் பாதிக்கப்பட்டவளாகவும் ரசிகனைக் கோமாளியாகவும் காட்டும்போது, நடுவில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரை யாரும் பார்ப்பதில்லை.

யோகோஹாமா வாசி:

ஆண் குழுக்களின் ரசிகைகள் இங்கே எழுதலாம் அல்லவா?

என் தோழி ஜானிஸ் என்ற ஆண் ஐடல் நிறுவனத்தின் ரசிகை. பள்ளி நாளிலிருந்து ரசிகர் மன்றச் சந்தா கட்டியவள். 2023 செப்டம்பர் 7 அன்று நிறுவனம் பத்திரிகையாளர்களைக் கூட்டி, அதன் நிறுவனர் ஜானி கிதகாவா சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததை ஒப்புக்கொண்டபோது நான் அவள் வீட்டில் இருந்தேன். அவள் தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கைவிசிறிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பையனின் முகம், கச்சேரிக்குக் கச்சேரி வளர்ந்துகொண்டே போகும் அதே முகம். எழுந்து போய் முதல் விசிறியைத் தொட்டு, "இதில் அவனுக்குப் பதிமூன்று வயது" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தச் செய்தி அன்று பிறந்ததும் அல்ல. ஷூகான் புன்ஷுன் என்ற வார இதழ் 1999இலேயே தொடராக எழுதியது. நிறுவனம் வழக்குப் போட்டது. 2003இல் தோக்கியோ உயர்நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டின் முக்கியப் பகுதி உண்மை என்று ஏற்றது. 2004இல் உச்ச நீதிமன்றத்திலும் அது நிலைத்தது. அதற்குப் பிறகும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கச்சேரிகள் நிறைந்தன. 2023 மார்ச்சில் பிபிசி ஆவணப்படம் வந்த பின்னர்தான் எல்லோருக்கும் காது கேட்டது.

நான் அவளிடம் சந்தாவை நிறுத்தச் சொன்னேன். அவள் கேட்டாள்: "அவனும் பாதிக்கப்பட்டவனாக இருந்தால்? வெளியே சொல்ல முடியாதவனாக இருந்தால்? நான் போய்விட்டால் தண்டனை யாருக்கு?" எனக்குப் பதில் வரவில்லை, இப்போதும் வரவில்லை. நிறுவனம் ஸ்மைல்-அப் என்று பெயர் மாறியது, கலைஞர்கள் புதிய நிறுவனத்துக்குப் போனார்கள், அவளும் கூடவே போனாள். விசிறிகள் இன்னும் அதே சுவரில்தான் இருக்கின்றன.

மழைத்தவளை:

சுருக்கமாக. கைகுலுக்கல் நிகழ்ச்சி, பெரிய குழு. 2014 மே மாதம் இவாதேயில் ஒருவன் ரம்பத்தோடு வந்து இரண்டு ஐடல்களையும் ஒரு பணியாளரையும் வெட்டினானே, அதற்குப் பிறகு. பையைத் திறந்து காட்டி, உலோகச் சோதனைக் கருவியைத் தாண்டி, கடைசியில் இரண்டு கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும். நான் பெண், குட்டை, கையில் ஒரு குடை முத்திரை போட்ட கைக்குட்டை மட்டும். அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சரி.

என் முறை வந்தது. அவள் முதலில் என் கைகளைப் பார்த்தாள். பிறகுதான் முகம். அரை நொடிகூட இருக்காது, உடனே அந்தப் புகழ்பெற்ற சிரிப்பு வந்துவிட்டது. அடுத்தவருக்கும் அப்படியே: கை, முகம், சிரிப்பு. நாங்கள் வாங்கியது அந்தச் சிரிப்பை. அதற்கு முந்தைய அரை நொடியை அவள் சொந்தச் செலவில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நாகோயா மாமா:

நான் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன், அதுவும் நண்பர் இழுத்ததால். மேடையில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயது. பாதியில் வெளியே வந்து காபி குடித்தேன். என் அனுபவம் அவ்வளவே.

ஆனால் இளைஞர்கள் சிலவற்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். மாத வருமானத்தில் இதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கி, அது தீர்ந்தால் நிறுத்திவிடுங்கள். உறுப்பினர்கள் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களாக இருக்கும் குழுக்களைத் தவிர்ப்பதே நல்லது. 2022 ஏப்ரல் முதல் ஜப்பானில் சட்டப்படி ஒருவர் பெரியவராகக் கருதப்படுவதும் பதினெட்டில்தான். ஐடல்களின் படங்களைப் பெரிதாக்கி இடம் கண்டுபிடிக்கும் விளையாட்டில் ஈடுபடாதீர்கள். 2019இல் ஒருவன் ஓர் ஐடலின் சுயபடத்தில் கண்மணியில் தெரிந்த பிரதிபலிப்பை வைத்து ரயில் நிலையத்தைக் கண்டுபிடித்து, வீடுவரை தொடர்ந்து போய்த் தாக்கினான். "ரசிகர் விசாரணை" அங்கே போய்த்தான் முடியும். ஐடல்கள் காதலிக்கக் கூடாது என்ற ஒப்பந்தத் தடையை நியாயப்படுத்துவோர் நீதிமன்றத் தீர்ப்புகளைப் படிக்க வேண்டும். 2015இல், அந்தத் தடையை மீறியதற்காக ஒரு பதினேழு வயதுப் பெண் 6,50,000 யென் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றம் 2016 ஜனவரியில், வேறொரு வழக்கில், காதலிப்பது மனிதன் மகிழ்ச்சியைத் தேடும் உரிமை என்று சொல்லி நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளியது. எனவே ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதெல்லாம் வேதம் அல்ல. மேலும், வார இதழ்கள் வெளியிடும் அந்தரங்கப் படங்களைப் பகிராதீர்கள், பகிரும் ஒவ்வொருவரும் அந்தப் படத்துக்கு விலை கூட்டுகிறார்கள். செக்கியைவிடப் பாட்டுக்குப் பணம் கொடுங்கள். முடிந்தால் யோகா செய்யுங்கள்.

பெயர் வேண்டாம்:

யோகாவா? மாமா, இங்கே அறிவுரை கேட்டது யார்?

2019 ஜனவரி. நீகதாவில் ஒரு சாப்பாட்டுக்கடை. தொலைக்காட்சியில் ஏகேபி குடும்பத்தின் என்ஜிடி48 அணியைச் சேர்ந்த யாமகுச்சி மாஹோ மேடையில் குனிந்து நிற்கிறார். முந்தைய மாதம் அவர் வீட்டு வாசலில் இரண்டு ஆண்கள் அவரைத் தாக்கினார்கள். கைதானார்கள், வழக்குத் தொடராமல் விடப்பட்டார்கள். அவரே வெளியே சொன்ன பின்னர்தான் ஊருக்குத் தெரிந்தது. தொல்லை கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டவரும் அவரே.

என் பக்கத்தில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் கடைக்காரரிடம், "இந்தப் பிள்ளை என்ன தப்புச் செய்தது?" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். குனிந்து நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தானே தோன்றும்? கடைக்காரர் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, அலைவரிசையை மாற்றிவிட்டார். அந்த மேசையில் என் கைப்பை கிடந்தது, அதில் அந்த அணியின் சாவிக்கொத்து தொங்கியது. பெரியவர் அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

மே மாதம் அவர் அணியைவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த அணிக்கு நான் ஒரு யென்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் உள்ளே மீதமிருந்த பெண்கள் என்ன செய்தார்கள்? யோகோஹாமா அக்கா, உங்கள் தோழியின் கேள்விதான் எனக்கும்.

வரிசைக் காவலன்:

மாணவனாக இருந்தபோது நான் ஹகாஷி வேலை பார்த்தேன். வெளிநாட்டு மாணவர்களுக்கு வாரத்துக்கு 28 மணி நேரம்தானே வேலை செய்ய அனுமதி, அதில் வார இறுதிகளை இதற்குக் கொடுத்தேன். நேரம் முடிந்ததும் ரசிகரின் தோளைத் தொட்டு நகர்த்துவதுதான் வேலை. நீங்கள் எல்லோரும் வரிசையில் நின்று பார்த்ததை நான் மறுபக்கத்திலிருந்து பார்த்தேன்.

ஒரு பெண், பத்தொன்பது வயது இருக்கும், நிகழ்ச்சிக்கு முன் என்னிடம் வந்து, "நான் காதோர முடியைத் தொட்டால் சீக்கிரம் நகர்த்திவிடுங்கள்" என்று சொன்னாள். பெயர் எதுவும் சொல்லவில்லை. மதியத்துக்கு மேல் ஒருவர் வந்தார். அமைதியானவர், மரியாதையானவர், ஒரு கட்டுச் சீட்டு வைத்திருந்தார். விதிப்படி அவர் ஒரு தவறும் செய்யவில்லை. அவள் முடியைத் தொட்டாள். நகர்த்தினேன். வெளியே போகும்போது அவர் என்னிடம் திரும்பி, "என்னோடு பேசும்போது மட்டும் அவள் கொஞ்சம் கூச்சப்படுகிறாள், கவனித்தீர்களா? முடியைக் கோதிக்கொள்கிறாள்" என்றார். எவ்வளவு மகிழ்ச்சி அந்த முகத்தில்! கையிலிருந்த சீட்டுகளில் இன்னும் பாதி இருந்தது, வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார்.

அவரிடம் சொல்லியிருக்க வேண்டுமா? சொன்னால் அவள் நிலைமை என்ன? அமைப்பாளரிடம் சொன்னேன். சீட்டு செல்லும்வரை அனுமதிக்க வேண்டும் என்றார்.

மூன்றாம் நடைமேடை நண்பரே, ரசிகனும் சுரண்டப்படுகிறான் என்கிறீர்கள். அந்த மனிதரைப் பார்த்தவன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று அந்த அறையில் இரகசியச் சைகை தேவைப்பட்டது அவருக்கு அல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். இன்னொன்று, மாமா, தொகை ஒதுக்கி வாங்குகிறவர்களும் வரிசையில் இருந்தார்கள். அவரும் ஒருவேளை ஒதுக்கித்தான் வாங்கியிருப்பார்.

மூன்றாம் நடைமேடை:

ஒரே தராசு என்று நான் எங்கே சொன்னேன்? கல்லாவைப் பாருங்கள் என்றுதான் சொன்னேன். உங்கள் கதையில் "சீட்டு செல்லும்வரை அனுமதி" என்று சொன்ன அமைப்பாளர் யார் பக்கம்?

நாகோயா மாமா:

வரிசைக் காவலன் தம்பிக்கு ஒரு திருத்தம். 28 மணி நேர வரம்பு கல்லூரி நடக்கும் காலத்துக்குத்தான். நீண்ட விடுமுறையில் நாளொன்றுக்கு 8 மணி நேரம்வரை வேலை செய்யலாம். புதிதாக வரும் மாணவர்கள் குழம்பிவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். யோகாவைப் பற்றி வேறு இடத்தில் பேசுவோம்.