புதுப் பெயிண்ட் கொப்புளிக்கிறது: மேலே இன்னொரு கோட் அடித்தால் சரியாகுமா?

கேள்வி (குளச்சல்):
வணக்கம். என் கார் 2013 மாடல், சில்வர் நிறம். வீடு கடலுக்குப் பக்கம்தான். ஆனி மழை நேரத்தில் இடது முன்கதவு, பின்சக்கர வளைவு இரண்டுக்கும் டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்தார்கள். பானட்டுக்கும் சேர்த்தே அடித்தாயிற்று. வண்டி கைக்கு வந்தபோது கதவு நன்றாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் கதவின் கீழ்ப்பாதியில் கடுகளவில் கொப்புளங்கள். நாலு நாள் வெயில் அடித்தால் பாதி அமுங்கிவிடும், மழை வந்தால் திரும்ப எழும்பும். சக்கர வளைவின் விளிம்பில் பட்டாணி அளவில் ஒன்று இருக்கிறது, அது அமுங்குவதே இல்லை. பானட்டில் கொப்புளம் கிடையாது, ஊசி ஓட்டை மாதிரி நுண்ணிய துளைகள்தான்; அவை முதல் நாளே இருந்தன.

அடித்த இடத்தில் கேட்டால் "கடல்காற்று, என்ன செய்ய முடியும்" என்கிறார்கள். கம்பெனிப் பெயிண்டோடு இருக்கும் வலது கதவும் அதே காற்றில்தான் நிற்கிறது. அதில் ஒரு புள்ளிகூட இல்லை. தேய்த்துவிட்டு இன்னொரு கோட் அடிக்கலாமா?

பதில் (நாகர்கோவில்):
மட்டமான பெயிண்டாக இருக்கும். நல்ல பிராண்டாக வாங்கிக் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள்.

பதில் (மார்த்தாண்டம், பெயிண்டர்):
அண்ணே, பிராண்டை மாற்றி இது தீராது. நீங்கள் சொல்வது ஒரு நோய் இல்லை, மூன்று. எப்போது வந்தது என்பதை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். ஸ்பிரே கன் பிடித்து அடிக்கும்போதே வட்ட வட்டமாகக் குழி விழுந்தால் அடியில் எண்ணெயோ சிலிக்கான் பாலிஷோ இருக்கிறது. பெயிண்ட் காயும்போது ஊசித்துளை வந்தால் தின்னர் மாட்டிக்கொண்டது. மாதக்கணக்கில் கழித்து, அதுவும் மழையில் எழும்பினால் ஈரம் அல்லது துரு.

பானட் விஷயம் எளிது. ஒரு கோட் உலர விடாமல் அடுத்த கோட்டைக் கனமாக ஏற்றியிருக்கிறார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும், உள்ளே இருக்கும் தின்னர் அதைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். படுத்த பரப்பில்தான் இது அதிகம் வரும்.

கதவுக்கு ஒரு சோதனை செய்யுங்கள். கொப்புளம் எழும்பி நிற்கும் நாளில் மெல்லிய ஊசியால் ஒன்றைக் குத்தி, என்ன வருகிறது என்று பாருங்கள். பிறகு பிளேடு முனையால் அந்தத் தோலை உரித்து, எந்த அடுக்கிலிருந்து கழன்றிருக்கிறது என்று சொல்லுங்கள். சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவு முழுக்க நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் பட்டி (நெளிவை நிரப்பத் தகட்டின்மேல் பூசும் பசை) கனமாக இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
செய்து பார்த்தேன். கதவில் குத்தியதும் தெளிவான நீர்த்துளி வந்தது. உரித்தால் அடியில் பட்டி, விரலில் ஈரம் ஒட்டுகிறது. காந்தமும் சரியாக அந்த இடத்தில்தான் வழுக்குகிறது. வளைவில் குத்தியபோது தண்ணீர் இல்லை, பழுப்புத் தூள் உதிர்ந்தது. அப்புறம் ஒன்று: அங்கே பட்டியைத் தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பரால்தான் தேய்த்தார்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும்.

பதில் (மார்த்தாண்டம், பெயிண்டர்):
இதுதான் நான் சந்தேகப்பட்டது. பட்டி தண்ணீரைக் குடிக்கும். மேலே துடைத்தால் காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். உப்புத் தண்ணீர் என்றால் ஈரம் போனாலும் உப்பு தங்கிவிடும். பெயிண்ட் தோல் வழியாக நீராவி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும்; அடியில் இருக்கும் உப்பு அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மழையில் எழும்பி வெயிலில் அமுங்குவது அதனால்தான். கன்னுக்குக் காற்று தரும் கம்ப்ரஸர் டேங்கில் தேங்கிய தண்ணீரை வடிக்காமல் அடித்தாலும் ஏறக்குறைய இதே கோலம்தான் வரும், ஆனால் அது பட்டி இருக்கும் இடமாகப் பார்த்து வராது.

கடற்கரையில் வண்டி ஓடுவது குற்றமில்லை. உப்பை அடியில் வைத்து மூடியதுதான் குற்றம். மேலே இன்னொரு கோட் அடித்தால் அதே உப்பை இன்னும் கனமாக மூடுவீர்கள், அவ்வளவுதான். கதவில் பட்டியைத் தகடுவரை எடுக்கச் சொல்லுங்கள். நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, கிரீஸ் ரிமூவரால் துடைத்து, எபாக்ஸி பிரைமர் (தகட்டை ஈரத்திலிருந்து காக்கும் அடிப்பூச்சு) அடிக்க வேண்டும். அது இறுகியபின் பட்டி. பட்டியை உலர் தேய்ப்பாகவே தேய்க்க வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. பிறகு சர்பேசர் (தேய்த்த கீறல்களை மூடும் பூச்சு), கலர், கிளியர் (கடைசியில் வரும் நிறமில்லாப் பளபளப்புப் பூச்சு). பட்டியை இறுக வைக்கும் ஹார்ட்னரை அள்ளிப் போடவும் விடாதீர்கள், கூடினால் மேலே கறை ஊறி வரும். பானட்டில் துளை மறையும்வரை தேய்த்து, கலரும் கிளியரும் திரும்ப அடித்தால் போதும்.

பதில் (முட்டம்):
மீன் லோடு ஏற்றும் வண்டி வைத்திருக்கிறேன், வளைவு பற்றி மட்டும் சொல்கிறேன். சக்கரத்தைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். விளிம்பு மடிப்பில் சேறும் உப்பும் உட்கார்ந்திருக்கும், துரு அங்கிருந்துதான் வெளியே வருகிறது. வெளியே மட்டும் தேய்த்தால் திரும்பவும் வரும். கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளையும் குத்தி விடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இப்போது மழை விடவில்லை. எல்லாவற்றையும் தை மாதத்துக்குத் தள்ளலாமா?

பதில் (மார்த்தாண்டம், பெயிண்டர்):
கதவும் பானட்டும் காத்திருக்கும். தை வெயிலில் செய்தால் எனக்கே நிம்மதி. வளைவு காத்திருக்காது அண்ணே. இந்த வாரமே துருவைச் சுரண்டி, உலர்த்தி, ஒரு கை எபாக்ஸி அடித்து வையுங்கள். கலர் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.