புதுப்பிப்பு: அப்பாவின் தினசரி ஆஸ்பிரின்

போன மாதம் கேட்டிருந்தேனே, 74 வயது அப்பா, மாரடைப்பு வந்ததில்லை, ஸ்டென்டும் (இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) கிடையாது, யாரோ நண்பர் சொன்னாரென்று மாரடைப்பு வராமலிருக்க எட்டு வருடமாகத் தினமும், ரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரினைப் போடுகிறார், தேவையா என்று, அதன் தொடர்ச்சி இது.

டாக்டரைப் பார்த்தாயிற்று. முழங்கையில் இருந்த நீலத் திட்டுகளைப் பார்த்ததுமே, பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா என்றுதான் கேட்டார். வருகிறதாம்! எங்களிடம் மூச்சு விடவில்லை மனுஷர்.

நீங்கள் சிலர் சொன்ன 2018 ஆஸ்ப்ரீ ஆய்வைத்தான் அவரும் சொன்னார். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இதய நோய் இல்லாத 19,114 முதியவர்கள், ஒரு பாதிக்கு தினம் 100 மி.கி. ஆஸ்பிரின், மறு பாதிக்கு வெற்று மாத்திரை, கிட்டத்தட்ட ஐந்து வருடம் பார்த்ததில் மாரடைப்பும் பக்கவாதமும் சொல்லும்படி குறையவில்லை, பெரிய ரத்தக்கசிவுதான் கூடியது. ஆனால் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் கணக்கே வேறு, இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சரி, டாக்டர் சொன்னபடி நிறுத்தி மூன்று வாரம், திட்டுகள் மங்கிவிட்டன. பிரஷர்தான் 160 காட்டியது, அதற்கு மாத்திரை ஆரம்பித்தாயிற்று. அப்பாவுக்கு இன்னும் மனசு வரவில்லை, மூக்குக்கண்ணாடிக் கூட்டில் ஆஸ்பிரின் அட்டை ஒன்றை ஒளித்து வைத்திருந்தார், நேற்றுதான் பிடித்தேன்.