பேமென்ட் கேட்டு நான்கு மெயில் போட்டும் பதில் இல்லை, ஐந்தாவதை எப்படி எழுதுவது?

கொழிஞ்சாம்பாறை கணக்கு

எல்லோருக்கும் வணக்கம். கஞ்சிக்கோட்டில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. கொச்சியில் ஒரு கம்பெனிக்கு ஜூலை 5 அன்று பெட்டி இறக்கினோம். பில் எண் 214, தேதி ஜூலை 3, தொகை 1,86,400 ரூபாய். இன்றோடு 52 நாள்.

நான்கு மெயில் போட்டேன். நான்கிலும் ஒரே வாசகம்: 'ஜென்டில் ரிமைண்டர், மேற்படி பாக்கியைக் கவனிக்கவும்.' நான்காவதில் முதலாளி சொன்னபடி அவர்களுடைய மேனேஜரையும் சிசி-யில் சேர்த்தேன். அன்று சாயங்காலமே அங்கே பர்ச்சேஸ் பார்க்கும் சேச்சி (மலையாளத்தில் அக்கா) போன் செய்து, "என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று வருத்தப்பட்டார். எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. பணமும் வரவில்லை. இனி என்ன எழுதுவது, யாருக்கு எழுதுவது? சொல்லுங்கள்.

நகரி தறிக்கணக்கு

அம்மா, முதலில் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். இந்த வேலையில் எல்லோருக்கும் ஒரு முறை நடப்பதுதான். நகரியில் விசைத்தறிக்காரர்களுக்கு 22 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன், எனக்கும் நடந்திருக்கிறது.

மூன்று விஷயம் சொல்லுங்கள். நான்கு மெயிலும் ஒரே தொடரில் போனதா, தனித்தனியாகவா? சப்ஜெக்ட் வரி என்ன? பில்லையும் சலானையும் ஒவ்வொரு முறையும் இணைத்தீர்களா?

கொழிஞ்சாம்பாறை கணக்கு

தனித்தனி மெயில்தான் அண்ணா. சப்ஜெக்ட் முதலில் 'பேமென்ட்', அப்புறம் 'ரிமைண்டர்', அப்புறம் 'அர்ஜென்ட்'. பில் முதல் மெயிலில் மட்டும் இருந்தது.

நகரி தறிக்கணக்கு

சிக்கல் அங்கேதான். அந்தச் சேச்சியின் பெட்டியில் நான்கு மெயிலும் நான்கு மூலையில் கிடக்கும். கடைசி மெயிலைத் திறந்தால் எந்த பில், எவ்வளவு என்று எதுவும் தெரியாது, தேட வேண்டும். தேட வேண்டிய மெயிலை யாரும் அப்புறம் பார்க்கலாம் என்றுதான் ஒதுக்குவார்கள். முதல் மெயிலுக்கே 'ரிப்ளை ஆல்' கொடுத்து எழுதுங்கள். சப்ஜெக்டைத் தொடாதீர்கள், மாற்றினால் ஜிமெயில் அதைப் புதுத் தொடராகப் பிரித்துவிடும். அடுத்த பில்லிலிருந்து சப்ஜெக்டிலேயே பில் எண், தேதி, தொகை மூன்றும் இருக்கட்டும்.

இன்னொன்று. நாம் வாயால் கேட்கும்போது பணிவு தானாக வந்துவிடுகிறது. இங்கே தெலுங்கில் 'கொஞ்செம் சூசி செப்பண்டி' என்றால் அந்த 'அண்டி'யிலேயே மரியாதை இருக்கிறது. உங்கள் பக்கம் மலையாளத்தில் 'ஒந்நு நோக்காமோ' என்பார்கள். தமிழில் 'கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா' என்போம். ஆங்கில மெயிலில் அந்த விகுதி கிடையாது. 'ஜென்டில்' என்ற சொல்லை முன்னால் வைத்தால் அது வந்துவிடாது. கேள்வியாகக் கேட்டால் வரும்.

கொச்சி பர்ச்சேஸ்

நான் வேறொரு கம்பெனியில் அந்தச் சேச்சி செய்யும் அதே வேலையைச் செய்கிறேன். ஊர் சித்தூர், பாலக்காட்டுச் சித்தூர். எங்கள் பக்கத்து நிலைமையையும் கேளுங்கள்.

பில் வந்தவுடன் பணம் போகாது. பிஓ (நாங்கள் தரும் ஆர்டர் தாள்), சரக்கு இறங்கியதற்கு எங்கள் கிடங்கு போடும் ஜிஆர்என் ரசீது, உங்கள் பில் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். எண்ணிக்கையிலோ ரேட்டிலோ பிஓ எண்ணிலோ ஒன்று பிசகினாலும் சிஸ்டத்தில் பில் நின்றுவிடும். பல நேரம் எங்களுக்கே அது தெரியாது. அதனால் 'எப்போது பணம் போடுவீர்கள்' என்று கேட்காமல், 'பில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது' என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்காது. இரண்டாவதற்கு இரண்டு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

இப்படி எழுதுங்கள், ஆங்கிலத்தில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்:

'பில் எண் 214, ஜூலை 3, ரூ.1,86,400. சரக்கு ஜூலை 5 அன்று உங்கள் கிடங்கில் இறங்கியது. பில்லும், கையெழுத்தான டெலிவரி சலானும் இணைத்துள்ளேன். இந்த பில் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா? எங்கள் பக்கம் ஏதாவது தாள் குறைந்தால் இன்றே அனுப்புகிறேன்.'

சேச்சிக்கு மட்டும் அனுப்புங்கள், சிசி வேண்டாம். மன்னிப்பை மெயிலில் எழுதாதீர்கள், போனில் சொல்லுங்கள். ஓண லீவு தொடங்குவதற்குள் அனுப்பிவிடுங்கள், அந்த வாரம் கொச்சி ஆபீஸ்களில் ஆளைப் பிடிப்பது கஷ்டம்.

வாளையார் வரி

கொழிஞ்சாம்பாறை அக்கா, உங்கள் யூனிட் உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு செய்ததா? அப்படியானால் சட்டம் உங்கள் பக்கம். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் வாங்கியவர் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து பணம் தர 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2023 நிதிச் சட்டத்தில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டி வைத்த பாக்கியை, பணம் கொடுத்த வருஷத்தில்தான் வாங்கியவர் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். அவர்கள் ஆடிட்டருக்கு இது நன்றாகத் தெரியும்.

நகரி தறிக்கணக்கு

வரி தம்பி சொல்வது சரி. ஆனால் அதை இந்த மெயிலில் போடாதீர்கள் அம்மா. உத்யம் எண்ணை பில்லில் அச்சடித்து வையுங்கள், போதும். சட்டத்தை எடுத்துவிட்டால் அப்புறம் பேச்சு சேச்சியோடு இருக்காது, வக்கீலோடுதான்.

கொழிஞ்சாம்பாறை கணக்கு

நேற்றுக் காலை சேச்சியிடம் போனில் பேசிவிட்டு, அந்த மெயிலை அனுப்பினேன். பதினொன்றரைக்கே பதில் வந்துவிட்டது! எங்கள் பில்லில் பிஓ எண் 1107 என்று இருக்கிறது. ரேட் மாறியபோது அவர்கள் 1107-ஏ என்று திருத்திய பிஓ அனுப்பியிருக்கிறார்கள். அது எனக்கு முன்னால் இருந்தவரின் மெயிலில் இருந்திருக்கிறது, நான் பார்க்கவே இல்லை. ஜூலையிலிருந்து பில் அங்கேயே நின்றிருக்கிறது. இப்போது பில்லை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமா?

கொச்சி பர்ச்சேஸ்

அப்பாடா! தொகையும் வரியும் சரியாக இருந்தால் ரத்து செய்யாதீர்கள். ஜிஎஸ்டி பில்லில் பிஓ எண் கட்டாயமில்லை. 'பில் 214-இல் உள்ள பிஓ எண்ணை 1107-ஏ என்று கொள்ளவும்' என லெட்டர்ஹெட்டில் எழுதி, கையெழுத்தும் சீலும் வைத்து, அதே தொடரில் அனுப்புங்கள். எங்கள் ஆபீஸில் அது போதும், சேச்சியிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கொழிஞ்சாம்பாறை கணக்கு

கேட்டேன், போதும் என்றார். கடிதம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை பேமென்ட் பட்டியலில் சேர்ப்பதாகச் சொன்னார். முதலாளி இன்றே இன்னொரு ரிமைண்டர் போடச் சொல்கிறார். வெள்ளி சாயங்காலம் வரை பொறுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.