தீபாவளி மளிகைச் செலவைக் குறைப்பது எப்படி? தில்லித் தமிழ்க் குடும்பங்களிடம் ஒரு கேள்வி

கேள்வி (மயூர் விஹார்):

வணக்கம். நாங்கள் தில்லிக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நவராத்திரிச் சுண்டலில் தொடங்கித் தீபாவளிப் பலகாரம் முடிவதற்குள் எங்கள் மளிகைக் கணக்கு ஏறத்தாழ இருமடங்காகிவிடுகிறது. சென்ற ஆண்டு கடைசி வாரத்தில் அவசரமாக வரவழைத்த நெய், முந்திரி, கடலை மாவு ஆகியவையே அதில் பாதியை விழுங்கின. பலகாரத்தைக் குறைக்க மனமில்லை. குழந்தைகளுக்கு ஊர்த் தீபாவளியை நினைவூட்டுவது அது ஒன்றுதான். எதை எங்கே, எப்போது வாங்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் (கரோல் பாக்):

அம்மா, முந்திரிக்கும் ஏலக்காய்க்கும் நான் பழைய தில்லியின் மொத்த விலைச் சந்தையான காரி பாவ்லிக்குத்தான் போகிறேன். சாந்தினி சௌக் மெட்ரோவில் இறங்கி ஃபதேபுரி மசூதியை நோக்கி நடந்தால் வந்துவிடும். ஆனால் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே போய்விடுங்கள்; வடக்கத்தியர் தீபாவளியின் முதல் நாளான தந்தேரஸ் நெருங்கினால் அந்தத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது, பேரம் பேசக் கடைக்காரருக்கு நேரமும் இருக்காது. முந்திரியில் 240, 320 என்று சொல்லும் எண், ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ எத்தனை பருப்பு நிற்கும் என்பதைக் குறிப்பது. எண் குறைந்தால் பருப்பு பெரிது, விலையும் கூடுதல். முந்திரிக் கத்லிக்கு அரைப்பதற்கு முழு முந்திரி எதற்கு? ‘காஜு துக்டி’ என்று கேட்டால் உடைந்ததைத் தருவார்கள். சுவையில் ஒரு குறையும் இல்லை.

கடலை மாவுக்கு, கடலைப் பருப்பை உதிரியாக வாங்கிப் பக்கத்துச் சக்கியில் (மாவு மில்லில்) அரைத்துக்கொள்ளுங்கள். 25 கிலோ வரையிலான, பெயரிட்ட பொட்டலப் பருப்புக்கும் மாவுக்கும் 2022 ஜூலை முதல் 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு, உதிரிக்கு இல்லை. முறுக்குக்கான அரிசியையும் அங்கேயே அரைக்கலாம். கோதுமை கலந்து வரும் முதல் கைப்பிடியை மட்டும் தனியே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பதில் (ஜனக்புரி):

ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். மொத்த விலை என்ற ஆசையில் தேவைக்கு மேல் வாங்கி, ஏப்ரலில் சிக்கு வாடை அடித்த முந்திரியைக் கொட்டியவள் நான். மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து பங்கிட்டுக்கொள்வதாக இருந்தால் மட்டுமே காரி பாவ்லி லாபம்.

எண்ணெயில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் எடை இருக்கும். பார்வைக்கு அதே அளவில் 800, 850 கிராம் பாக்கெட்டுகளும் அலமாரியில் இருக்கின்றன. சலுகை விலையைப் பார்க்காமல், பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் ஒரு கிராம் அல்லது ஒரு மில்லிலிட்டர் விலையை ஒப்பிடுங்கள். நெய்க்கும் பாதாமுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருப்பதால், பழைய விலை ஒட்டியிருந்தால் கேளுங்கள். காய்கறிக்கு நான் மதர் டெய்ரியின் சஃபல் கடையோடு நிறுத்திக்கொள்கிறேன். நவராத்திரியில் இங்குள்ளவர்கள் விரதமிருப்பதால் பழ விலை ஏறும்; கொலுவுக்கான வாழைப்பழத்தை இரண்டு நாள் முன்பே காயாக வாங்கிப் பழுக்க வைப்பது என் வழக்கம்.

பதில் (ஆர்.கே. புரம்):

அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கும் உலர்பழப் பெட்டிகளையும் கணக்கில் சேர்த்தீர்களா, சகோதரி? எங்கள் வீட்டில் பலகாரத்தைவிட அதற்கே அதிகம் செலவானது. ஐந்து ஆண்டுகளாக அதை நிறுத்திவிட்டு, தேன்குழலும் ரிப்பன் பக்கோடாவும் சிறு டப்பாக்களில் கொடுக்கிறோம். எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் இப்போது தசரா முடிந்ததுமே எப்போது பிழிவீர்கள் என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்.